ஏழு பெண்களின் ரொட்டியில் எட்டாவது கை

வேலிக்கு அந்தப் பக்கம் பாப்திஸ்து சபைக்காரர்கள் குடிவந்த அன்று நான் ஜன்னலோரம் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அன்று உரித்ததை மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டேன். வேனிலிருந்து ஆறு பிள்ளைகள் இறங்குகிறார்கள், ஆறும் பதினைந்து பதினாறு வயது, ஆறும் ஒரே பச்சை ஜாக்கெட். கண் அங்கே இருந்தால் கை தன் பாட்டுக்கு உரித்துக்கொண்டே போகும்.

அது பழைய மாட்டு வைத்தியரின் வீடு. மிஷன் அதை வாங்கி, கூரைக்குப் புதுத் தகரம் அடித்து, அரசாங்க அநாதை விடுதிகளிலிருந்து பெரிய பிள்ளைகளாகப் பார்த்துக் கூட்டிவந்தது. சின்னக் குழந்தை என்றால் தத்தெடுக்க வரிசையில் நிற்பார்கள். மீசை அரும்பியதை யார் எடுப்பார்கள்? அப்படி மிஞ்சிப்போனதுகளுக்கான வீடு. அதை நடத்துகிறவன் யுகீம். முன்பு லாரி ஓட்டினான். லாரி குடித்த டீசலைவிட அவன் குடித்தது அதிகம். பிறகு இயேசுவைக் கண்டடைந்தேன் என்பான். இயேசுதான் அவனைப் பாலத்துக்கு அடியில் கண்டடைந்தார் என்று எங்கள் வெர்பிவ்கா ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவன் மனைவி லீதியா வாயைத் திறக்கமாட்டாள். ஆனால் அவள் கதவருகே வந்து நின்றால் ஆறு பேரும் காலணியைக் கழற்றுவார்கள்.

இந்தச் சபைக்காரர்களை எங்கள் ஊரில் ‘ஷ்டுண்டா’ என்று கேலியாகச் சொல்வது வழக்கம். நானும் சொன்னேன். மெழுகுவத்தி கிடையாது, திருப்படம் கிடையாது, கல்யாணத்தில்கூட வோட்கா கிடையாது, இதெல்லாம் ஒரு வேதமா என்று கேட்டேன். ஆனால் வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவு ஓட்டை இருந்தது. ஓட்டை இருக்கும்போது போகாமல் இருப்பது மரியாதை இல்லை.

போனால் ஒரே கூத்து. விடுதியில் தேநீர் அண்டாவிலேயே சர்க்கரை போட்டு வருமாம். லீதியா ஊற்றிக்கொடுத்ததைக் குடித்துவிட்டு ஆறு பேரும் முகம் சுளித்தார்கள். சர்க்கரை தனியாக டப்பாவில் இருக்கும், வேண்டியதை நாமே போட்டுக்கொள்ளலாம் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. அன்றைக்கு ஒரு டப்பா சர்க்கரை காலி. முட்டைக்கோஸ் நறுக்கச் சொன்னால் நூறு பேருக்கு நறுக்குவார்கள். யார் வேலை, யார் பொருள் என்ற கணக்கே கிடையாது. கண்ணில் பட்ட வேலையைச் செய்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் என் முற்றத்துப் பனியை யாரோ பெருக்கித் தள்ளியிருந்தார்கள். திருடன்தான் தடம் அழித்துவிட்டுப் போனான் என்று போலீஸ்வரை போய்விட்டேன். பார்த்தால், மார்க்கியான் என்கிற பையன் அவர்கள் முற்றத்தை முடித்துவிட்டு, நிறுத்த மறந்து என் முற்றத்தையும் முடித்திருக்கிறான்.

இந்த ஆறு பேரில் யுஸ்தினாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

வந்து இரண்டு வருஷத்தில், நவம்பர் ஒன்பதாம் தேதி அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. சட்டப்படி அன்றோடு அந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை. யுகீம் ஒரு மாதம் இழுத்தடிப்பான், ஆனால் அவள் கட்டிலுக்கு அடுத்த பிள்ளையின் பெயர் ஏற்கெனவே வந்தாயிற்று. அரசாங்கம் அவளுக்கு மாவட்டத் தலைநகரில் ஒரு தையல் பள்ளியும் அதற்கான விடுதியும் ஒதுக்கியிருந்தது. அந்த விடுதிக்கு முன்பு மிஷனின் வேறொரு வீட்டிலிருந்து மூன்று பெண்கள் போனார்கள். இரண்டு பேர் எப்போதாவது போன் செய்வார்கள். மூன்றாமவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. ஏதோ வெளிநாட்டு வேலை என்று யாரோ கூட்டிப்போனதாகச் சொன்னார்கள். அதன் பிறகுதான் யுகீம் ஒரு விதி வைத்தான்: பதினெட்டுக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த ஊரிலேயே ஒரு வேலை, படுக்க ஓர் இடம். அதற்காக டை கட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவான். டை கட்டிய யுகீமைப் பார்த்தால் சவப்பெட்டி விற்க வந்தவன் என்று நினைத்துக் கதவைச் சாத்துவார்கள்.

யுஸ்தினாவுக்கு மாவில் கை. விடுதியில் தப்புச் செய்தால் சமையலறை வேலைதான் தண்டனையாம். இவள் வேண்டுமென்றே தப்புச் செய்துகொண்டு அங்கே போயிருக்கிறாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மோத்ரியாவின் பேக்கரியில் ஓர் இடம். பேக்கரி மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது, வேலையோடு அதுவும் கிடைக்கும். மோத்ரியா மூன்று மாதம் வந்து பார்க்கட்டும் என்றாள். ஆகஸ்டிலிருந்து இவள் தட்டு கழுவினாள், தரை கூட்டினாள், மாவு மூட்டை தூக்கினாள். மாவில் கை வைக்க மட்டும் விடவில்லை.

காரணம் எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். மோத்ரியாவின் பிழைப்பில் பாதி கல்யாண ரொட்டி. கொரொவாய் என்போம். அது இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணம் இல்லை. அதைப் பிசைய ஏழு பெண்கள் வருவார்கள். ஏழு பேரும் முதல் தாரமாக வாழ்க்கைப்பட்டு, கட்டிய புருஷனோடு நன்றாக வாழ்கிறவர்களாக இருக்க வேண்டும். விதவை கை படக்கூடாது, விவாகரத்து ஆனவள் கூடாது, அநாதை கூடவே கூடாது. அடுப்பைத் துடைக்கிறவனுக்குக்கூடச் சுருட்டை முடி வேண்டும். ரொட்டி வெடித்தால் கல்யாணம் வெடிக்கும். என் புருஷன் வசீல் போய்ப் பதினோரு வருஷம். அதற்குப் பிறகு என்னை அந்த மேசைக்கு யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது, சும்மா சொல்லிவைத்தேன்.

யுகீம் இதைப் பற்றிப் பேசப் போனபோது மோத்ரியா மழுப்பாமல் சொன்னாள். பெண் தங்கமான பெண்தான், ஆனால் வாடிக்கைக்காரர்கள் முதலில் கேட்பது ‘இவ யாரோட பொண்ணு’ என்பது, அதற்கு நான் என்ன பதில் சொல்ல என்றாளாம். யுகீம், ‘ஆண்டவரோட பொண்ணுன்னு சொல்லுங்க’ என்றானாம். ஆண்டவர் ரொட்டி ஆர்டர் கொடுப்பதில்லை என்று மோத்ரியா கதவைச் சாத்திவிட்டாள்.

இந்த விஷயங்கள் எதையும் யுஸ்தினாவிடம் யாரும் சொல்லவில்லை. யுகீமுக்கு அது மூடநம்பிக்கை, வீட்டில் பேசமாட்டான். விடுதியில் வளர்ந்தவள் கல்யாண வீட்டுச் சமையல்கட்டை எங்கே பார்த்திருப்பாள்? இன்னும் வேலை பழகவில்லை என்பதால்தான் மாவைத் தரவில்லை என்று நினைத்து, தட்டுகளை மேலும் பளபளப்பாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் கடைசியில் ஊராட்சித் தலைவி ரயீசாவின் மகளுக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏழு பெண்கள் பேக்கரியில் கூடினார்கள். நான் எதிரே பேருந்து நிறுத்தத்தில் இருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பேருந்து கிடையாதே என்று நீங்கள் கேட்கலாம். பெஞ்சு இருக்கிறதே. அந்தப் பெஞ்சிலிருந்து பேக்கரியின் பின்கட்டு ஜன்னல் நன்றாகத் தெரியும்.

பாட்டுப் பாடிப் பிசைந்தார்கள், முட்டை உடைத்தார்கள், சுருட்டைமுடிக்காரன் அடுப்பைத் துடைத்தான், ரொட்டி உள்ளே போயிற்று. அதோடு ஏழு பேரும் மோத்ரியாவும் முன்கட்டில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ரொட்டி வேகும்போது ஒரு வாய் குடிப்பது வழக்கம். இவர்களுக்கு ஒரு வாய் போதவில்லை. பின்கட்டில் யுஸ்தினா மட்டும் தட்டோடு நின்றாள்.

அவள் அடுப்பு மூடியைத் திறந்து பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு நீளத் துடுப்பால் ரொட்டியை வெளியே இழுத்தாள். நடு மண்டையில் ஒரு வெடிப்பு. இங்கிருந்தே தெரிந்தது என்றால் எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அவள் யாரையும் கூப்பிடவில்லை. மிச்சம் கிடந்த மாவை எடுத்து மூன்று திரியாக உருட்டிப் பின்னினாள், வெடிப்பில் முட்டை மஞ்சளைத் தடவிப் பின்னலை வைத்து அழுத்தினாள், மேலே என்னென்னவோ கிள்ளிக் கிள்ளி வைத்தாள், திரும்ப உள்ளே தள்ளினாள். அப்புறம் பழையபடி தட்டு கழுவ ஆரம்பித்தாள். அவளுக்கு அது ஒரு வேலை, கண்ணில் பட்டது, செய்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து எடுத்தபோது மோத்ரியாவின் கூச்சல் தெருவரை கேட்டது. ரொட்டியின் மேல் ஒன்பது குருவிகள், பின்னலில் வரிசையாக, ஒன்று கழுத்தைத் திருப்பி அடுத்ததைப் பார்க்கிறது. முகம் சிவந்திருந்த ஏழு பேரும் ஒவ்வொருத்தியும் மற்றவள் செய்தாள் என்று நினைத்து எல்லோரையும் பாராட்டிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் லீதியாவிடம் வாங்கிய சல்லடையைத் திருப்பித் தரப் போனேன். வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது, அன்றைக்குத்தான் நினைவு வந்தது. சாப்பாட்டு மேசையில் யுஸ்தினா நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வெளிச்சம். இனி மோத்ரியாக்கா மாவைத் தந்துவிடுவார் என்றாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து, யாரெல்லாம் அந்த ரொட்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். பீட்ரூட் சூப்புக் கரண்டிகள் ஆறும் நின்றன.

“அப்ப நாங்க தொட்டா தீட்டா அத்தை?” என்றான் மார்க்கியான்.

“உங்களுக்கு மட்டும் இல்லடா, எனக்கும்தான்” என்றேன்.

மூன்று மாதம் தட்டு கழுவியது எதற்கு என்று அப்போதுதான் யுஸ்தினாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். யுகீம் இந்தச் சடங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கேட்டது வேறு.

“மோத்ரியாக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது மாமா.”

“காலையில போய்ச் சொல்லிடணும்.”

கூத்தைப் பாருங்கள். ஆயுளில் ஒரு சங்கதியையும் இரண்டு நாள் வயிற்றில் வைத்திருக்காத நான், இதைச் சொல்லாதே என்று கெஞ்சுகிறேன். வாய் திறந்தால் ஜெபம் மட்டும் பண்ணுகிறவன், சொல்லியே தீரவேண்டும் என்கிறான். பெண்ணுடைய இடம் போய்விடும், ரயீசா பேக்கரிக்கே பூட்டுப் போடுவாள், இவள் நேரே அந்த விடுதிக்குத்தான் போவாள் என்று எல்லாம் சொல்லிப் பார்த்தேன். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் பொய்தான் தனக்குச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு அதைப் போடமாட்டேன் என்றான். அவனோடு வாதாடுவதும் மாட்டு வைத்தியருடைய பழைய கழுதையோடு வாதாடுவதும் ஒன்று. யுஸ்தினாதான் கடைசியில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, தான் போய்ச் சொல்வதாகச் சொன்னாள். அழவில்லை.

சனிக்கிழமை காலை யுஸ்தினாவும் யுகீமும் கிளம்பினார்கள். எனக்கும் ஒரு ரொட்டி வாங்க வேண்டியிருந்தது. வீட்டில் இரண்டு இருந்தன, இருக்கட்டுமே.

பேக்கரியில் பூவேலைத் துண்டின் மேல் அந்தக் கல்யாண ரொட்டி உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் மோத்ரியா, ஏழில் மூன்று பெண்கள், ரொட்டியை எடுத்துப்போக வந்த ரயீசா. ரயீசா முடியைச் சுருட்டி உயர்த்திக் கட்டியிருந்தாள், இரண்டு மணிக் கல்யாணத்துக்கு எட்டு மணிக்கே.

யுஸ்தினா நேராக மோத்ரியா முன்னால் போய் நின்றாள்.

“அக்கா, நேத்து நீங்க எல்லாரும் முன்னால உக்காந்திருந்தப்ப ரொட்டி நடுவுல வெடிச்சிருச்சு. நான்தான் எடுத்துச் சரி பண்ணேன். பின்னலும் குருவியும் நான் வெச்சது. நான் தொடக்கூடாதுன்னு எனக்குத் தெரியாது.”

ரயீசா மாவு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்தாள். கறுப்புப் பட்டுப் பாவாடை வேறு.

“வெடிச்சுதா?” அவள் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

மூன்று பெண்களும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். அநாதைப் பெண் கை பட்டுவிட்டதே என்றாள் ஒருத்தி. அந்தக் கைதான் வெடிப்பை மூடியது, வெடிக்க வைத்தது வாழ்கிறவர்கள் கை என்றாள் இன்னொருத்தி. உன் கைதான், நீதான் முட்டையை அதிகம் உடைத்தாய் என்றாள் முதலாமவள். எது பெரிய தோஷம், வெடித்த ரொட்டியா, அநாதை ஒட்டிய ரொட்டியா, ஒட்டிய பிறகு வெடிப்பு வெடிப்புத்தானா என்று கிளம்பிய விவாதத்தைக் கேட்டால் எங்கள் ஆயரே தலைமுடியைப் பிய்த்துக்கொள்வார். யுகீம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். ஜெபிக்கிறான் என்று உதட்டிலிருந்து தெரிந்தது.

ரயீசா எழுந்து பாவாடையைத் தட்டினாள். ஊராட்சியை ஒன்பது வருஷமாக நடத்துகிறவள் சும்மா நடத்தவில்லை.

“ரெண்டு மணிக்கு இருநூறு பேர் வர்றாங்க. எனக்கு ரொட்டி இதுதான். விஷயம் இந்தச் சுவத்தத் தாண்டக்கூடாது.”

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யுகீம்கூடப் பார்த்தான்.

அவமானப்பட வேண்டிய இடம்தான். ஆனால் எனக்கு அப்போது ஒன்று புரிந்தது: இத்தனை வருஷத்தில் என் வாய்க்கு இப்படி ஒரு விலை வந்ததே இல்லை. மூடிவைக்கிறேன், ஆனால் ஒரு பேரம் என்றேன். திங்கள்கிழமையிலிருந்து இந்தப் பெண்ணுக்கு மாவு மேசையில் இடம், மாடி அறையும் சேர்த்து. மோத்ரியா கண்ணாலேயே என்னை அடுப்பில் தள்ளினாள். ரயீசா உடனே தலையாட்டினாள்.

“அக்கா, இப்படி வேணாம்” என்றான் யுகீம் என்னிடம்.

“நீ ஜெபம் பண்ணு தம்பி, நான் பேசிக்கறேன்.”

“வேணாம் அத்தை.” இது யுஸ்தினா. “உங்க வாய்க்குப் பயந்து என்னைச் சேத்துக்கிட்டாங்கன்னா, உங்களுக்குத் தொண்டை கட்டின அன்னிக்கு வெளிய அனுப்பிடுவாங்க.”

பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு, ரயீசாவைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டாள். யுஸ்தினா மோத்ரியாவிடம் திரும்பினாள்.

“ரொட்டி நல்லா இருந்தா சேத்துக்கோங்க. இல்லேன்னா வேணாம், நான் தையல் பள்ளிக்கே போறேன். யாராவது கேட்டா நான்தான் செஞ்சேன்னு சொல்லுவேன். எனக்குப் பொய் வராதுன்னு நினைக்காதீங்க, நல்லாவே வரும், விடுதியில வேற என்ன கத்துக்கிட்டோம். ஆனா அந்தக் குருவிங்க என்னோடது.”

மோத்ரியா ரொட்டியைத் துண்டோடு தூக்கினாள். அடியில் விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்டாள். பின்னல் ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். கீழே வைத்தாள். பேக்கரியில் ஈ பறந்தால் கேட்டிருக்கும், ஆனால் அக்டோபரில் ஈ ஏது.

“பாதி வேகும்போது வெளிய எடுத்திருக்க. அமுங்கிப் போயிருக்கணுமே. எப்படி நின்னுது?”

“அடுப்புக் கங்குல பாதிய வெளிய இழுத்துட்டேன் அக்கா. மேல சூடு அதிகமா இருந்துச்சு, அதான் வெடிச்சது. ஓரத்துல ஒரு சட்டி வெந்நீர் வெச்சு, மேல தாளை நனைச்சுப் போர்த்தினேன்.”

“தாள் கருகலையே.”

“ரெண்டு தடவ நனைச்சேன்.”

மோத்ரியா குனிந்து குருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“கண்ணுக்கு என்ன வெச்ச?”

“மிளகு.”

“மிளகு வெக்காத, பல்லுல படும். உலர்ந்த திராட்சையக் கிள்ளி வெய்யி.” நிமிர்ந்து மாவுக் கையை இடுப்புத் துணியில் துடைத்தாள். “திங்கக்கிழமை அஞ்சு மணிக்கு வந்திரு. முடியக் கட்டிக்கிட்டு வா. தட்டு கழுவ வேற ஆளப் பாத்துக்கறேன்.”

யுஸ்தினா சரி என்றாள். அவ்வளவுதான். யுகீமின் தொப்பிதான் கையிலிருந்து கீழே விழுந்தது.

“அப்ப என் ரொட்டி?” என்றாள் ரயீசா.

“உங்க ரொட்டிக்கு ஒண்ணும் இல்ல தலைவியம்மா. வேணாம்னா வெச்சிட்டுப் போங்க. டவுன்ல மெஷின்ல சுட்ட ரொட்டி கிடைக்கும், அதுக்கு அப்பன் ஆத்தா யாருன்னு யாரும் கேக்கமாட்டாங்க.”

ரயீசா ரொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு காருக்குப் போனாள். கல்யாணத்தில் என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டாள். நான் யார் பக்கமாவது திரும்பினால் ஒரு துண்டு இறைச்சியை என் வாயில் வைத்தாள். அந்த ஒரு நாளில் நான் தின்றது ஒரு மாதத்துக்குக் காணும். குருவி ரொட்டியை வெட்டிப் பரிமாறியபோது இருநூறு பேரும் தின்றார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மணமகன் மட்டும் மிளகைக் கடித்துக் கண்ணீர் விட்டான். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் யுகீம் வேலியருகே வந்து, ஆண்டவருடைய வேலையில் பேரம் பேசக்கூடாது அக்கா என்று மெதுவாகச் சொன்னான். அந்தப் பேரம்தான் முறிந்துவிட்டதே என்றேன். சொல்லும்போதே எனக்குப் பொறி தட்டியது. பேரம் முறிந்துவிட்டது. அப்படியென்றால் நான் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைவரை பொறுத்தேன். அது என் வாழ்நாள் சாதனை. செவ்வாய் காலை மருந்துக் கடை வரிசையில் இரண்டு பேரிடம் சொன்னேன், வெடிப்பு, பின்னல், வெந்நீர்ச் சட்டி, ஒன்பது குருவி என்று ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல். மூன்றாவதாக நின்றவள் தானாகக் கேட்டுக்கொண்டாள். வியாழக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்றே ஒரு குடும்பம் பேக்கரியில் கொடுத்திருந்த ஆர்டரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மோத்ரியா ஏப்ரனோடு என் வேலிக்கு வந்து கத்திய கத்தலில் யுகீம் வீட்டுக் கோழிகள் அன்று முட்டையிடவில்லை. நான் கத்தவிட்டேன். அவளுக்கும் கொஞ்சம் காற்று வாங்கினால் நல்லது.

நவம்பர் ஒன்பதாம் தேதி யுஸ்தினா ஒரு பெட்டியும் ஒரு பச்சை ஜாக்கெட்டுமாக பேக்கரி மாடிக்குக் குடிபோனாள். லீதியா அவளுக்கு ஒரு தலையணையும் ஒரு டப்பா சர்க்கரையும் கொடுத்தனுப்பினாள். அவள் கட்டிலில் இப்போது ஒரு புதுப் பெண், பதினைந்து வயது. கதவைப் படாரென்று சாத்துகிறாள், எனக்கு இங்கே கண்ணாடி அதிர்கிறது.

போன வாரம் மோத்ரியா மறுபடி வேலிக்கு வந்தாள். இந்தத் தடவை கத்தவில்லை. நான் சொன்னது பரவி, ஜனவரிக் கல்யாணங்களுக்கு நான்கு ஆர்டர் வந்திருக்கிறதாம், நான்கிலும் குருவி வேண்டுமாம், ஒன்றில் மட்டும் பெண்ணின் தாய் ‘அந்தப் பொண்ணு மாவுல கை வெக்காம, குருவி மட்டும் வெச்சாப் போதும்’ என்கிறாளாம். அதற்கு மோத்ரியா, குருவியும் மாவுதானே அம்மா என்று திருப்பியனுப்பிவிட்டாளாம். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள். வேலிக்கட்டையை ஆட்டிப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள்.

“பக்கத்து ஊர்ல உனக்கு யாரையாச்சும் தெரியுமா, ஸெனோவியா?” என்றாள்.

தெரியும் என்றேன்.